சந்தையில் வாங்கிய பழைய பால்கண்ணாடி விளக்கு: மாட்டலாமா? நிஜமாகவே பௌஹவுஸ்தானா?

தாமிரபரணி_தண்ணி:

எல்லோருக்கும் வணக்கம். லைப்ஸிக்கில் வீடு எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. ஜெர்மனியில் வாடகை வீடு எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: முன்பு குடியிருந்தவர்கள் போகும்போது விளக்கையெல்லாம் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஹோல்டர்கூட மிஞ்சாது. சீலிங்கில் ஒரு ஓட்டை, அதிலிருந்து இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். நான் சாவி வாங்கிய அன்று சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிட்டது. செல்போனை வாயில் கவ்விக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில்தான் பெட்டியைப் பிரித்தேன்.

மற்ற அறைகளுக்கு எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். பாக்கி இருப்பது நடை மட்டும். வாசல் கதவிலிருந்து குளியலறை வரை நாலரை மீட்டர், ஜன்னலே கிடையாது. இத்தனை நாளும் ஒரு மேஜை விளக்கைத் தரையில் வைத்து ஓட்டுகிறேன். வீடியோ காலில் அதைப் பார்த்த அம்மா, "ஏட்டி, வெளக்கு வைக்காத வீட்டையா புடிச்சிருக்க?" என்றாள். அடுத்த மாதம் அம்மா வருகிறாள். ராத்திரி குளியலறைக்குப் போகிறவள் அந்த மேஜை விளக்கின் வயரில் தடுக்கி விழுந்தால் என் கதி என்ன?

போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, நகரத்துக்குத் தெற்கே அக்ரா மைதானத்தில் கூடும் பழம்பொருள் சந்தைக்குப் போனேன். அங்கே இதைப் பார்த்தேன். அடிப்பாகம் வெள்ளைப் பீங்கான். கவிழ்த்து வைத்த கனமான சாஸர் மாதிரி, 12 செ.மீ. அகலம். அதில் திருகியபடி பால்வெள்ளைக் கண்ணாடி உருண்டை, லேசாகத் தட்டையானது, 16 செ.மீ. சமையல் தராசில் வைத்தேன், 1 கிலோ 150 கிராம். வேறு ஒரு அலங்காரமும் இல்லை. கழுத்து நேராக இருப்பதால் சுவரிலும் மாட்டலாம், சீலிங்கிலும் மாட்டலாம். விற்ற தாத்தா "பௌஹவுஸ்! வாகன்ஃபெல்ட்!" என்று இரண்டே வார்த்தை சொல்லி (முதலாவது அந்தக் காலத்து ஜெர்மன் வடிவமைப்புப் பள்ளி, இரண்டாவது அங்கே படித்த வடிவமைப்பாளர்) 60 யூரோ கேட்டார். 45க்கு முடித்தேன்.

இப்போது பிரச்சினைகள். ஒன்று, கண்ணாடி கழலவே இல்லை, பயந்து விட்டுவிட்டேன். இரண்டு, பீங்கானின் பின்பக்கத் துளை வழியாகத் துணி சுற்றிய இரண்டு வயர் வருகிறது, ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. சீலிங்கிலும் இரண்டே கம்பிதான், கறுப்பும் சாம்பலும். எர்த் இல்லை. நம் ஊர்க் கணக்குப்படி கறுப்பு நியூட்ரல், அப்படியானால் சாம்பல்தான் ஃபேஸ். சரிதானே? நானே மாட்டிவிடலாமா? மூன்றாவது, தாத்தா சொன்னது நிஜமா?


கோவை_பம்புசெட்:

ஏனுங்க, 45 யூரோன்னா நாலாயிரம் ரூபாய்க்கு மேல ஆகுதுங்களே! எங்க கடையில அதே வெளிச்சத்துக்கு வட்ட எல்இடி பேனல் முந்நூறு ரூபாய்க்கு எடுத்துக் கொடுப்பேன், ரெண்டு வருஷ வாரண்டியோட. எங்க தாத்தா காலத்துப் பழைய மில் குவார்ட்டர்ஸ்ல இதே மாதிரி வெள்ளை உருண்டை வராண்டா பூரா தொங்கும். உள்ளே செத்த ஈசல் அரைப்படி தேறும். அதை யாரும் பௌஹவுஸ்னு சொல்லி நான் கேட்டதில்லை.

கிண்டல் போகட்டும். கலர் விஷயத்தில் அவசரப்படாதீங்க. ஊருக்கு ஊர் மாறும். அங்கே தொழில் பார்க்கிறவங்க யாராவது சொல்லட்டும்.


ஸ்டுட்கார்ட்_அண்ணை:

பிள்ளை, முதலில் ஒன்று. அந்தக் கறுப்புக் கம்பியில் கை வைக்க வேண்டாம். நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு திக் என்றது.

நான் 1986இல் டொச்லாந்துக்கு வந்தவன். இங்கே தொழில் படித்து, பரீட்சை எழுதி, இன்றுவரை எலெக்ட்ரீசியன் வேலைதான். ஊரில் எங்களுக்கும் அந்த நாளில் சிவப்பு உயிர்க் கம்பி, கறுப்பு நியூட்ரல். அந்த எண்ணத்தோடு இங்கே வந்து முதல் மாதமே ஒரு பழைய வீட்டில் ஏணியிலிருந்து பின்பக்கமாக விழுந்தேன். இங்கே 1965க்கு முந்திய வயரிங்கில் கறுப்புதான் உயிர். சாம்பல் நியூட்ரல். சிவப்பு என்ன தெரியுமா? எர்த்! நாங்கள் எந்தச் சிவப்பைக் கண்டு பயப்படுவோமோ அது இங்கே எர்த்தாக இருந்தது. நாங்கள் பயமில்லாமல் பிடிக்கிற கறுப்பில்தான் 230 வோல்ட் வரும். பச்சை-மஞ்சள் எர்த் எல்லாம் அதற்குப் பிறகு வந்தது. இப்போதைய வீடுகளில் பழுப்பு உயிர், நீலம் நியூட்ரல்.

இதையும் நிறத்தை மட்டும் நம்பிச் செய்யக் கூடாது. அறுபது வருடத்தில் எத்தனை பேர் எத்தனை முறை அந்த ஓட்டைக்குள் கை விட்டிருப்பார்களோ. அளந்துதான் பார்க்க வேண்டும். அதுவும், பிடியில் சின்ன நியோன் எரியுமே, அந்த டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரால் இல்லை. இங்கே தொழிலாளிகள் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'லூகன்ஷ்டிஃப்ட்'. பொய் சொல்லும் பென்சில் என்று அர்த்தம். எரிந்தாலும் நம்ப முடியாது, எரியாவிட்டாலும் நம்ப முடியாது. இரண்டு முனை உள்ள மீட்டர்தான் வேண்டும்.

அடுத்தது, இரண்டே கம்பி என்ற விஷயம். அந்தக் கால முறையில் நியூட்ரல் கம்பியே எர்த் வேலையும் பார்க்கும். விளக்கின் உலோக உடம்பையும் அதிலேயே சேர்த்துவிடுவார்கள். எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை நல்லது. எங்கேயாவது ஒரு பெட்டியில் அந்த நியூட்ரல் விட்டுப்போனால், பல்ப் எரியாது, ஆனால் விளக்கின் உடம்பு முழுக்க மின்சாரம் நிற்கும். பல்பை மாற்றப் போகிறவர் முதலில் தொடுவது அந்த உடம்பைத்தானே. அன்றைய மேற்கு ஜெர்மனியில் 1973இலிருந்து புதிய வேலைகளில் இதைத் தடை செய்துவிட்டார்கள். நீங்கள் இருக்கும் கிழக்கில் அதன் பிறகும் பல வருடம் தொடர்ந்தது.

இந்த இடத்தில்தான் உங்கள் 45 யூரோவுக்கு நியாயம் இருக்கிறது. கோவைத் தம்பி கோபிக்க வேண்டாம். எர்த் இல்லாத இடத்தில் குரோம் பூசிய விளக்கு மாட்டுவதைவிட, வெளியே உலோகமே இல்லாத பீங்கானும் கண்ணாடியும் எவ்வளவோ மேல். இரண்டிலும் மின்சாரம் ஓடாது.

கிழக்கு என்பதால் இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. கம்பியின் நுனியைத் தொடாமல், டார்ச் அடித்து வடிவாகப் பாருங்கள். செம்பு நிறமா, வெள்ளி நிறமா? வெள்ளி என்றால் அநேகமாக அலுமினியம். அங்கே செம்புக்குத் தட்டுப்பாடு, வீடு வீடாக அலுமினியம் இழுத்தார்கள். அது இரண்டு தரம் வளைத்தால் மூன்றாம் தரம் முறியும். ஸ்க்ரூவை இறுக்கினால் கொஞ்ச நாளில் மெதுவாக நசிந்து பிடி தளரும், பிறகு அந்த இடம் சூடாகும். அதற்கென்றே பசை நிரப்பிய கிளிப் கனெக்டர் இருக்கிறது, அதில்தான் செம்போடு சேர்க்க வேண்டும்.

ஆகவே நீங்களே மாட்டலாமா என்றால், வேண்டாம். வீட்டு நிர்வாகத்துக்கு எழுதுங்கள். ஃபோனில் கதைக்க வேண்டாம், எழுத்தில் கொடுங்கள்: நடையில் எர்த் இல்லை, வயரிங் பழையது, பார்த்துத் தாருங்கள். அவர்கள் ஆள் அனுப்பத்தான் வேண்டும்.

கண்ணாடி கழலாததற்குக் காரணம் ரப்பர் வளையமாகத்தான் இருக்கும். கழுத்துக்குள் ஒன்று இருக்கும், காய்ந்து கல்லாகிவிட்டிருக்கும். விளக்கைக் கவிழ்த்து வைத்து, திருகு தொடங்கும் இடைவெளியில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒரு இரவு அப்படியே கிடக்கட்டும். காலையில் ரப்பர் கையுறை போட்டு, மடியில் துவாய் விரித்து, இரண்டு கையாலும் திருகுங்கள். ஆயுதம் எதுவும் எடுக்க வேண்டாம். உள்ளே சாம்பல் நிறத்தில் நார் நாராக அட்டை ஏதும் இருந்தால் சுரண்டாமல் அப்படியே விட்டு எனக்கு எழுதுங்கள், அந்தக் காலத்தில் வெப்பத்துக்காக அஸ்பெஸ்டாஸ் வைப்பதுண்டு.


கட்டடக்காரி:

அண்ணா பாதுகாப்பைச் சொல்லிவிட்டார். நான் தாத்தாவின் இரண்டு வார்த்தைக்கு வருகிறேன்.

உருண்டையாக, வெள்ளையாக, பூ வேலைப்பாடு இல்லாமல் இருந்தால் சந்தையில் எல்லாமே பௌஹவுஸ்தான். பௌஹவுஸ் என்ற பள்ளி மொத்தம் இருந்ததே 14 வருடம். 1919இல் வைமாரில் தொடங்கி, 1925இல் டெஸ்ஸாவுக்குப் போய், 1932இல் பெர்லின், 1933இல் மூடியாகிவிட்டது. அங்கே செய்த விளக்குகளில் அசல் இன்று சந்தையில் 45 யூரோவுக்கு வராது.

ஆனால் தாத்தா முழுப் பொய்யும் சொல்லவில்லை. வில்ஹெல்ம் வாகன்ஃபெல்ட் 1924 வாக்கில் வைமாரில் மாணவராக இருந்தபோது செய்த மேஜை விளக்கு, பாதிக் கோளமாகப் பால்கண்ணாடி, கண்ணாடித் தண்டு, உங்களில் பலர் படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சரக்கை உங்கள் லைப்ஸிக் வர்த்தகக் கண்காட்சிக்குத்தான் கொண்டுபோனார்கள். வியாபாரிகள் சிரித்தார்களாம். பார்த்தால் இயந்திரத்தில் செய்த மலிவுப் பொருள் மாதிரி இருக்கிறது, விலையைக் கேட்டால் கைவேலை விலை! வாகன்ஃபெல்டே பிற்பாடு இதை நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தச் சிரிப்பு அவருக்கு உறைத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஏனென்றால் அதன்பின் அவர் வாழ்க்கை முழுக்கத் தொழிற்சாலைகளோடுதான். ஜேனாவில் அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரம், வைஸ்வாஸரில் அழுத்தி வார்த்த கண்ணாடிச் சாமான். 1950களில் பாம்பெர்க்கில் லிண்ட்னர் என்ற நிறுவனத்துக்காகக் குளியலறை, சமையலறை, நடை இவற்றுக்கான சுவர் விளக்கும் சீலிங் விளக்கும் வடிவமைத்தார். வெள்ளைப் பீங்கான் அடி, அதில் திருகும் பால்கண்ணாடி. நீங்கள் விவரித்ததும் அதே சாடை. ஆக வாகன்ஃபெல்ட் என்பதற்கு வாய்ப்பு இருக்கிறது, பௌஹவுஸ் என்பதற்கு இல்லை. அந்த விளக்குகள் வந்தபோது பள்ளி மூடி இருபது வருடம் தாண்டிவிட்டது.

கண்ணாடி கழன்றதும் இரண்டு இடத்தைப் பாருங்கள். பீங்கானின் உள்பக்கம் முத்திரை எழுத்து ஏதாவது. அப்புறம் கண்ணாடியின் விளிம்பு. நல்ல பால்கண்ணாடி மூன்று அடுக்கு: நடுவில் வெள்ளை, இருபுறமும் நிறமில்லாத கண்ணாடி. விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் நடுவில் வெள்ளைக் கோடு ஓடுவது தெரியும். முழுக்க ஒரே வெள்ளை என்றால் ஒரே அடுக்கு. உள்ளே பெயின்ட் என்றால் நகத்தில் வரும்.

ஒரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் ஊரிலிருந்து டெஸ்ஸாவுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அம்மாவை அழைத்துக்கொண்டு போய்வாருங்கள். பௌஹவுஸைத் தொடங்கிய குரோப்பியஸ் கட்டிய பள்ளிக் கட்டடம் 1926 டிசம்பரில் திறந்தது. அரங்கத்தில் மாக்ஸ் கிரயெவ்ஸ்கி செய்த குழல் விளக்குகள் சீலிங்கில் வரிசையாக ஓடும். ஆனால் எனக்கு அங்கே நினைவு வந்துகொண்டே இருந்தது மரியானே பிராண்ட். கெம்னிட்ஸ்காரர், உங்கள் பக்கத்து ஊர். உலோகப் பட்டறைக்கு முதலில் வந்தபோது பெண்ணுக்கு இங்கே என்ன வேலை என்று, சலிப்பான எடுபிடி வேலையாகவே தள்ளினார்களாம். அவர்தான் பிறகு அந்தப் பட்டறைக்கே பொறுப்பாளராக இருந்தார், பள்ளிக்கு வருமானம் தந்த விளக்குகளை வடிவமைத்தார். அவற்றை வாங்கிப் பெருமளவில் செய்த கம்பெனிகளில் ஒன்று கோர்ட்டிங் உண்ட் மதீசன், 'காண்டெம்' என்ற பெயரில். 1928இல் ஒப்பந்தம். அந்தத் தொழிற்சாலை இருந்தது லைப்ஸிக்கின் மேற்கே, லொய்ச் பகுதியில். நீங்கள் டிராமில் அந்தப் பக்கம் போயிருப்பீர்கள்.


தாமிரபரணி_தண்ணி:

அண்ணா, உங்கள் பதிவைப் படித்ததும் கை நடுங்கியது. அந்தக் கறுப்புக் கம்பியை அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் நாற்காலியில் ஏறி விரலால் ஒதுக்கிவிட்டுப் பார்த்தேன். நுனியில் பழைய பிளாஸ்டிக் மூடி இருந்ததால் தப்பித்தேன். மெயினை அணைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை, நடை சுவிட்சை அணைத்தால் போதும் என்று இருந்துவிட்டேன். நிர்வாகத்துக்கு அன்று ராத்திரியே மெயில் போட்டுவிட்டேன்.

கம்பி வெள்ளி நிறம்தான்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். ஒரு ராத்திரி போதவில்லை, இரண்டு ராத்திரி ஊறியது. மூன்றாம் நாள் காலையில் துண்டை விரித்து மடியில் வைத்து, கொழுக்கட்டை மாவு உருட்டுகிற மாதிரி இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துத் திருகினேன். முதலில் அசையவில்லை. அப்புறம் 'நறுக்' என்று ஒரு சத்தம். உடைந்தது கண்ணாடி என்றே நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். ரப்பர்தான். கறுப்பு வளையம் பொரிகடலைத் தோல் மாதிரி பொடிப்பொடியாக உதிர்ந்தது.

உள்ளே ஒரு 40 வாட் பழைய பல்ப், இழை அறுந்தது. கோவைக்காரரே, ஈசல் இல்லை. ஒரே ஒரு அந்துப்பூச்சி, தொட்டதும் தூளாகிவிட்டது. சாம்பல் அட்டை எதுவும் இல்லை. ஹோல்டர் பீங்கான்தான், ஆனால் வயரின் துணிக்குள்ளே இருந்த ரப்பர் வெடித்துச் செம்பு தெரிகிறது.

கட்டடக்காரி அக்கா, இப்போது உங்களுக்கு. கண்ணாடி விளிம்பில் வெள்ளைக் கோடெல்லாம் இல்லை. முழுக்க ஒரே வெள்ளை. விரலை ஓட்டினால் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மெல்லிய தழும்பு ஒன்று தட்டுப்படுகிறது. பீங்கானின் உள்ளே 'லிண்ட்னர்' இல்லை. 250 வோல்ட், 60 வாட் என்று இருக்கிறது. அதன் கீழே டி, ஜி, எல் என்று மூன்று ஜெர்மன் எழுத்தும் ஒரு எண்ணும். அது என்ன?


கட்டடக்காரி:

அப்படியானால் விடை கிடைத்துவிட்டது, தாத்தாவுக்கு அது பிடிக்காது. டிஜிஎல் என்பது கிழக்கு ஜெர்மனியின் தர நிர்ணய முத்திரை. நம் ஐஎஸ்ஐ மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1950களின் நடுவில் வந்தது. ஆக இது வாகன்ஃபெல்டும் இல்லை, பாம்பெர்க்கும் இல்லை. கிழக்கில் ஏதோ ஒரு அரசு ஆலையில் ஆயிரக்கணக்கில் செய்து, குளியலறைகளிலும் படிக்கட்டுகளிலும் மாட்டிய சாமான். அந்தத் தழும்பு அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடம்.

ஏமாந்துவிட்டதாக நினைக்காதீர்கள். விலை கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். வடிவத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. சொல்லப்போனால் 1924இல் சிரித்த வியாபாரிகள் கேட்டது இப்படி ஒரு பொருளைத்தான்: பார்க்கவும் தொழிற்சாலைச் சரக்கு, விலையும் தொழிற்சாலை விலை. இன்று அசல் வடிவத்தை உரிமம் வாங்கிச் செய்து விற்கிற விலையைப் பார்த்தால் எனக்கே தலை சுற்றும்.


கோவை_பம்புசெட்:

அப்ப எங்க மில் குவார்ட்டர்ஸ் உருண்டைக்கு அண்ணன் தம்பி முறைன்னு சொல்லுங்க. நான் முதல்லயே சொன்னேனே!

பல்ப் விஷயத்துக்கு வர்றேன், இது என் ஏரியா. 60 வாட்னு பீங்கானில் போட்டிருப்பது பழைய குண்டு பல்புக்கான கணக்கு, அதுக்கு மேல போனா உள்ளே சூடு தாங்காதுன்னு அர்த்தம். ஐரோப்பாவில் அந்த 60 வாட் குண்டு பல்பை 2011லயே நிறுத்திட்டாங்க. இப்ப 7 வாட் எல்இடி போட்டா அதே வெளிச்சம், 806 லூமன்னு அட்டையில் இருக்கும். சூடு குறைவுதான், ஆனா அந்தக் குறைஞ்ச சூடும் போக வழி இல்லைன்னா எல்இடிக்கு ஆகாது. குண்டு பல்ப் சூட்டுக்கே பிறந்தது, எல்இடி அப்படி இல்லை. அடியில் இருக்கிற டிரைவர் சர்க்யூட் வெந்துடும். மூடின உருண்டைக்குள்ள அதிக வாட் பல்பைப் போட்டுட்டு, ஆறே மாசத்தில் "போயிடுச்சு"ன்னு திரும்பக் கொண்டுவர்றவங்களை வாரத்துக்கு ரெண்டு பேராவது பார்க்கிறேன். நாலரை மீட்டர் நடைக்கு 4 அல்லது 5 வாட், 470 லூமன், அது தாராளம். மூடிய விளக்கில் போடலாம்னு அட்டையில் எழுதியிருக்கான்னு பாருங்க.

இன்னொண்ணு. கீழ்ப்பாதி வெள்ளைப் பிளாஸ்டிக்கா தடியா இருக்கிற எல்இடி பல்ப் வேண்டாம். அது வெளிச்சத்தை முன்னாடி மட்டும்தான் தள்ளும். உங்க உருண்டையில் பாதி வெளுப்பா, கழுத்துப் பக்கம் அழுக்கா தெரியும். பழைய பல்ப் மாதிரி கண்ணாடிக்குள்ள மஞ்சள் கம்பி கம்பியா இருக்குமே, ஃபிலமென்ட் எல்இடி, அதை வாங்குங்க. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அடிக்கும். கலர் 2700 கெல்வின், அதாவது மஞ்சள் வெளிச்சம். உருண்டை முழுசும் ஒரே நிலா மாதிரி நிக்கும்.

அண்ணை, ஒரு சந்தேகம். இங்கே எங்க பின் ஹோல்டர்ல ரெண்டு கம்பியை எப்படி மாத்திப் போட்டாலும் எரியும், யாரும் கவலைப்படறதில்லை. அங்கே திருகு ஹோல்டர்ல அப்படி இல்லைன்னு கேள்விப்பட்டேன், சரியா?


ஸ்டுட்கார்ட்_அண்ணை:

ஓம் தம்பி, நல்ல கேள்வி. திருகு ஹோல்டரில் உயிர்க் கம்பி நடு நாக்குக்குத்தான் போக வேண்டும். நியூட்ரல், மரை இருக்கிற ஓட்டுக்கு. மாற்றிக் கொடுத்தாலும் பல்ப் எரியும், அதனால் பிழை தெரியாது. ஆனால் பல்பைத் திருகும்போது விரல் அதன் பித்தளையில் பட்டால் அப்போது தெரியும்.

பிள்ளை, ரப்பர் வெடித்த வயரையும் பழைய ஹோல்டரையும் வைக்க வேண்டாம். பீங்கான் அடியும் கண்ணாடியும் இருக்கட்டும், உள்ளே புது பீங்கான் ஹோல்டர், வெப்பம் தாங்கும் புது வயர். வருகிற எலெக்ட்ரீசியனிடம் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை. குளியலறையில் மாட்டும் யோசனை மட்டும் வேண்டாம், நடைதான் சரி. கண்ணாடியைத் திருகும்போது இறுக்கி விடாதீர்கள். முட்டியதும் கால் சுற்றுப் பின்னுக்கு. பீங்கானும் கண்ணாடியும் ஒரே அளவில் விரியாது.


தாமிரபரணி_தண்ணி (ஐந்து வாரம் கழித்து):

தாமதத்துக்கு மன்னிக்கவும். நிர்வாகத்திலிருந்து ஆள் வர மூன்று மெயிலும் இருபத்திரண்டு நாளும் ஆனது. வந்தவர் அறுபது வயசுக்காரர். இரண்டு முனை மீட்டரை வைத்தார், கறுப்பில்தான் மின்சாரம். நான் பிள்ளையாரை நினைத்துக்கொண்டேன். கம்பிக்குப் பின்னால் இருந்த பெட்டியைத் திறந்து பார்த்துத் தலையை ஆட்டினார். சுவிட்சிலிருந்து சீலிங் வரை செம்புக் கம்பியாக மாற்றிவிட்டு, வீட்டுக்கு வெளியே பலகையிலிருந்து வரும் பழைய வயரை வேறொரு நாள் வந்து மாற்றுவதாகச் சொன்னார். எழுத்திலும் கொடுத்துவிட்டுப் போனார். விளக்கைக் கையில் எடுத்ததும் அவர் முகமே மாறிவிட்டது. அவர் பாட்டி வீட்டுக் கழிப்பறையில் இதே விளக்குதான் இருந்ததாம். எத்தனை கொடுத்தாய் என்றார். 45 என்றதும் ஏணியில் உட்கார்ந்து சிரித்தார்.

புது ஹோல்டர், புது வயர், கோவைக்காரர் சொன்ன 470 லூமன் ஃபிலமென்ட் பல்ப். முதலில் வீட்டில் கிடந்த தடி எல்இடி ஒன்றையும் வைத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னது அப்படியே: கழுத்துப் பக்கம் அழுக்கு வேட்டி நிறம். இப்போது உருண்டை முழுதும் ஒரே சீர். எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. சீலிங்கிலும் வெளிச்சம் விழுகிறது. பேனல் லைட்டில் கீழே மட்டும்தான் பளீர் என்று இருக்கும், சீலிங் இருண்டு தலைக்கு மேல் இறங்குகிற மாதிரி இருக்கும். இதில் நடை உயரமாகிவிட்டது. கண்ணும் கூசவில்லை.

அம்மா வந்து எட்டு நாள் ஆகிறது. வந்த அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு, "வெளக்கு வைக்கிற நேரமாச்சே" என்று எழுந்துபோய் நடை சுவிட்சைப் போட்டாள். மே மாதம், வெளியே வெயில் சுள்ளென்று அடிக்கிறது, இருட்ட ஒன்பது ஆகும். தினமும் ஆறு மணிக்குப் போடுகிறாள். நான் அணைப்பதில்லை.

ஒரே ஒரு தொல்லை. கால் சுற்றுப் பின்னுக்குத் திருகியிருக்கிறேன் அல்லவா, மேல்வீட்டுக் குழந்தை ஓடினால் கண்ணாடி 'கிணுகிணு' என்கிறது. பழைய ரப்பர் இல்லாததால்தானே? அதே அளவில் கடையில் கிடைக்குமா? மரையின் விட்டம் எண்பத்து நாலரை மில்லிமீட்டர்.


ஸ்டுட்கார்ட்_அண்ணை:

எண்பத்து நாலரை இங்கே வழக்கமான அளவுதான். கண்ணாடி உடைந்தாலும் அதே மரையில் புதிது வாங்கலாம், பயப்பட வேண்டாம். ரப்பருக்கு விளக்குக் கடைக்குப் போகாதீர்கள். சூப்பர் மார்க்கெட்டில் பழம், காய் வேகவைத்து அடைக்கிற கண்ணாடிப் போத்தலுக்குச் செம்மஞ்சள் ரப்பர் வளையம் விற்பார்கள். கொதி தண்ணீரையே தாங்குவது, இந்தச் சூடு அதற்கு ஒன்றுமில்லை. விளக்கு மரையின் அளவை ஒரு தாளில் வெட்டிக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து எடுங்கள்.


தாமிரபரணி_தண்ணி:

கிடைத்தது அண்ணா. பத்து வளையம் ஒரு பாக்கெட். ஒன்றைப் போட்டேன், சத்தம் நின்றுவிட்டது. மீதி ஒன்பதையும் அம்மா எடுத்துத் தன் பெட்டியில் வைத்துவிட்டாள், ஊரில் ஊறுகாய் ஜாடிக்கு ஆகுமாம்.